அமெரிக்கக் காங்கிரஸ் பிரைமரி: எந்தத் தொகுதியில் நிஜமான போட்டி வரும்?

கீழ்ப்பிரிவுக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். செம்பனை ஆலையில் லாரி நிறுக்கும் இடத்தில் வேலை. என் சின்னம்மா மகள் கல்யாணமாகி சிக்காகோவுக்கு வெளியே எல்ஜின் பக்கம் இருக்கிறாள். குடியுரிமை கிடைத்து, இப்போது அங்கே ஓட்டும் போடுகிறாள். போனில் பேசும்போது, "அண்ணே, எனக்கு நவம்பர் பொதுத்தேர்தல் ஓட்டைவிட, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச் மாதம் கட்சிக்குள்ளே நடக்கிற பிரைமரி ஓட்டுத்தான் முக்கியம்" என்றாள். அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் புரியாத இடம் இதுதான். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012இல் இல்லினாய் 8ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்று தோற்றார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு எதிராளிக்குப் போனது. 2016இல் அதே தொகுதியில், அதே கட்சியில் நின்று பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஆள் அதே ஆள். அப்படியென்றால் என்ன மாறியது?

இன்னொன்று. நம் ஊரில் வேட்பாளர் பெயரை மேலே இருந்து சொல்வார்கள், நாம் கேட்டுக்கொள்வோம். அங்கே வேட்பாளரையே ஜனங்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் எல்லாத் தொகுதியிலும் கடும் போட்டி இருக்க வேண்டுமே. பார்த்தால் பல இடங்களில் ஒரே பெயர்தான் இருக்கிறது. சில இடங்களில் ஒன்பது, பத்துப் பேர். பஜாரில் ரொட்டிச் சானாய்க் கடையில் இதைப் பேசினோம். நிறையப் பேர் நின்றால் போட்டி என்று நான் சொன்னேன். கூட்டாளி, பணம்தான் எல்லாம் என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலாக் டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் எடுத்த உதாரணத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு கட்சியில் பல வருஷம் கிளைச் செயலாளராகவும் இருந்தேன். அதனால் அமெரிக்கப் பிரைமரிகளை நான் வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் படிப்பதில்லை.

எத்தனை பெயர் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கட்சியின் வேட்பாளர் டிக்கெட்டுக்கு மதிப்பு இருக்கிறதா என்பது. அங்கே கீழவையில் 435 இடங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் தேர்தல். ஆனால் பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. சிக்காகோ நகரத்துக்குள் ஜனநாயகக் கட்சி டிக்கெட் கிடைத்தவர் நவம்பரில் ஜெயித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கெல்லாம் நிஜமான தேர்தல் பிரைமரிதான். உங்கள் தங்கை சொன்னது அதைத்தான். அதே தொகுதியில் எதிர்க்கட்சியின் பிரைமரியைப் பாருங்கள், சம்பிரதாயத்துக்கு ஒருவர் நிற்பார், சில சமயம் அவரும் இருக்க மாட்டார். தோற்கப்போகிற டிக்கெட்டுக்கு யார் அடித்துக்கொள்வார்கள்?

அடுத்தது, நாற்காலி காலியா என்பது. பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் பிரைமரியில் அவரைச் சாய்ப்பது மிகவும் கடினம். கீழவையில் 2018இல் பிரைமரியில் தோற்ற உறுப்பினர்கள் 4 பேர். 2020இல் 8 பேர். 2024இல் 4 பேர். 435 பேர் உள்ள சபையில் இவ்வளவுதான். 2022இல் மட்டும் கூடுதல், ஏனென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளை மாற்றி வரைந்ததில் சில இடங்களில் பதவியில் இருக்கும் இரண்டு பேரே ஒரே தொகுதியில் மோத வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஜெரோல்ட் நாட்லரும் கரோலின் மலோனியும் அப்படித்தான் மோதினார்கள். இருவரும் முப்பது வருஷம் ஒரே கட்சியில், ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிக்காரர்கள். நாட்லர் ஜெயித்தார்.

இந்த எண்ணிக்கையை வைத்து, இருப்பவர்கள் எல்லாரும் ஜனங்களுக்குப் பிடித்தவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நின்று தோற்றவர்களைவிட, நிற்காமலே ஒதுங்கியவர்கள்தான் முக்கியம். மாநில சட்டமன்ற உறுப்பினர், மேயர் மாதிரி ஆட்களுக்கு இழக்க ஒரு பதவி இருக்கும். இருப்பவரை எதிர்த்துத் தோற்றால் உள்ளதும் போய்விடும். அதனால் நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பார்கள். இருப்பவரை எதிர்த்து வருபவர் பெரும்பாலும் பெயர் தெரியாத, பணம் இல்லாத ஆளாகவே இருப்பார். ஓட்டுச் சீட்டில் இரண்டு பெயர் இருக்கும், போட்டி இருக்காது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கிளைப் பொதுக்கூட்டம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும். தலைவர் பதவிக்கு ஒரே மனு. மேலிடத்திலிருந்து தேர்தல் நடத்த வந்தவர், "வேறு யாரும் உண்டா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த பதவிக்குப் போய்விடுவார். மினிட் புத்தகத்தில் "போட்டியின்றித் தேர்வு" என்று எழுதுவது என் வேலை. பின்வரிசையில் ஒரு தண்டல் (தோட்டத்து வேலைக் கண்காணி) உட்கார்ந்திருப்பார். நல்ல பேச்சு, லயத்தில் எல்லாருக்கும் வேண்டியவர், தலைவராக வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆனால் அவர் மகளுடைய கல்வி உதவி மனு அந்தத் தலைவரின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. அவர் எப்படிக் கை தூக்குவார்? புத்தகத்தில் பார்த்தால் கிளையில் ஒற்றுமை நிலவியது என்றுதான் தெரியும். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

சரி, கிருஷ்ணமூர்த்திக்கு வருவோம். 2012இல் அந்தத் தொகுதியின் எல்லையை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரைந்திருந்தார்கள். இருந்த உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். ஆகவே டிக்கெட்டுக்கு நல்ல மதிப்பு. ஆனால் எதிரே நின்றவர் டாமி டக்வொர்த். 2004இல் ஈராக்கில் ஹெலிகாப்டர் சுடப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தவர். 2006இல் பக்கத்துத் தொகுதியில் நின்று கொஞ்சத்தில் தவறவிட்டவர். செனட்டர் டிக் டர்பின் அவர் பக்கம். கிருஷ்ணமூர்த்தி ஒபாமாவின் 2004 செனட் பிரசாரத்தில் கொள்கை இயக்குநராக இருந்தவர், திறமைசாலி. ஆனால் வீட்டு வாசலில் ஓட்டுக் கேட்கும்போது ஜனங்களுக்கு ஒரு பெயர் ஏற்கெனவே தெரியும், இன்னொன்று தெரியாது.

2016இல் டக்வொர்த் செனட்டுக்குப் போனார். நாற்காலி காலி. எதிரே ஒரு மாநில செனட்டரும், வில்லா பார்க் என்ற சிற்றூரின் தலைவரும் நின்றார்கள். இருவரும் சும்மா ஆட்கள் இல்லை. ஆனால் பணத்திலும் ஆதரவு அறிக்கைகளிலும் கிருஷ்ணமூர்த்தி முன்கூட்டியே வெகுதூரம் போய்விட்டார். ஓட்டு நாளில் முடிவு வரும் முன்பே பாதி முடிந்திருந்தது. ஆகவே காலி நாற்காலி மட்டும் போதாது தம்பி. கிட்டத்தட்டச் சம பலம் உள்ள இரண்டு பேராவது கடைசிவரை நிற்க வேண்டும்.

பெயர் எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022இல் டெட்ராய்ட்டை உள்ளடக்கிய மிச்சிகன் 13ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஒன்பது பேர். ஸ்ரீ தானேதார் என்ற, இந்தியாவில் பிறந்த தொழிலதிபர் சொந்தப் பணத்தைப் பல மில்லியன் டாலர் இறக்கி, சுமார் 28 சதவீத ஓட்டிலேயே ஜெயித்தார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். அவர்களுடைய ஓட்டு பல வேட்பாளர்களுக்குச் சிதறியது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வேறு யாருக்கோ போட்டும் அவர்தான் உறுப்பினர். இதை நல்ல போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெக்சஸ் மாதிரி சில மாநிலங்களில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கு மறுபடி ஓட்டு. 2022இல் அங்கே ஹென்றி குவேயரும் ஜெசிகா சிஸ்னரோஸும் மே மாதம் மறுபடி மோதி, மறு எண்ணிக்கைக்குப் பிறகு 289 ஓட்டில் குவேயர் தப்பினார். அது போட்டி.

பழைய கிராணி எழுதியது:

டீச்சர் சொன்னது சரி. ஆனால் தம்பியின் கூட்டாளி சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நான் எல்பில் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன், கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். 2024 ஜூனில் நியூயார்க் 16ஆவது தொகுதியில் ஜமால் போமன் தோற்றார். பதவியில் இருந்தவர். அவருக்கு எதிராக யுனைட்டெட் டெமாக்ரசி பிராஜெக்ட் என்ற ஒரே அமைப்பு 14 மில்லியன் டாலருக்கு மேல் கொட்டியது. கீழவை வரலாற்றிலேயே அதிகச் செலவான பிரைமரி என்று எழுதினார்கள். வேட்பாளருக்கு நேராக ஒருவர் கொடுக்கக்கூடியது அந்த வருஷம் பிரைமரிக்கு 3,300 டாலர்தான். ஆனால் வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்தால் உச்சவரம்பே இல்லை. 2010 நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு அப்படி ஆகிவிட்டது.

அப்புறம் நம் ஊர் விஷயம். சாமிவேலு இங்கே 1974லிருந்து 2008 வரை நாடாளுமன்ற உறுப்பினர். அதற்கு முன் சம்பந்தன். 2008இல் டாக்டர் ஜெயக்குமார் வந்தார். அவர் பிஎஸ்எம் என்ற சோஷலிஸ்ட் கட்சிக்காரர், ஆனால் 2008இலும் 2013இலும் கெஅடிலான் என்ற எதிரணிக் கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தார். 2018இல் கெஅடிலான் கேசவனை நிறுத்தியது. ஜெயக்குமார் தன் கட்சிச் சின்னத்தில் தனியாக நின்று டெபாசிட் இழந்தார், கேசவன் ஜெயித்தார். நான் யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு பேருமே இந்த ஊருக்கு உழைத்தவர்கள். இவர்களில் எதிரணியின் வேட்பாளர் யார் என்று இங்கே உள்ள ஆதரவாளர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். டீச்சர், அமெரிக்காவில் பிரைமரியில் தோற்றவர் இப்படித் தனியாக நிற்க முடியுமா?

சாலாக் டீச்சர் எழுதியது:

கிராணியாரே, பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. பிரைமரியில் தோற்றவர் அதே பதவிக்கு நவம்பரில் வேறு கட்சியின் பெயரிலோ சுயேச்சையாகவோ ஓட்டுச் சீட்டில் வரக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். கனெக்டிகட்டில் அந்தச் சட்டம் இல்லை. அதனால் 2006இல் செனட்டர் ஜோ லீபர்மன் பிரைமரியில் நெட் லமான்ட்டிடம் தோற்றும், சுயேச்சையாக நின்று நவம்பரில் ஜெயித்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்தான் துணை அதிபர் வேட்பாளராக இருந்தவர்! இந்தச் சட்டம் போட்டியின் கடுமையையே மாற்றுகிறது. தோற்றால் வேறு வழி இல்லை என்று தெரிந்தால் பிரைமரியிலேயே முழு மூச்சாக இறங்குவார்கள், இல்லையென்றால் இறங்கவே மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி நான் உங்களோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். போமனை வீழ்த்திய ஜார்ஜ் லாட்டிமர் அப்போது வெஸ்ட்செஸ்டர் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத் தலைவராக இருந்தவர். தொகுதியின் பெரும்பகுதி அந்தக் கவுண்டிக்குள்தான். அங்கே பல வருஷமாகத் தெரிந்த முகம். பலமான ஆள் ஒருவர் துணிந்து இறங்கியதால் அந்தப் பணம் வேலை செய்தது. முகம் தெரியாத ஒருவருக்கு அதே பணத்தைக் கொட்டியிருந்தால் அப்படி நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு 2014 ஜூன் 10ஐப் பாருங்கள். விர்ஜீனியா 7ஆவது தொகுதியில் எரிக் கேன்டர். குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். 5 மில்லியன் டாலருக்கு மேல் செலவு செய்தார். எதிரே டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியர், செலவு சுமார் 2 லட்சம் டாலர். பிராட் ஜெயித்தார், அதுவும் சுமார் பதினொரு சதவீத வித்தியாசத்தில். கேன்டர் வாஷிங்டனில் பெரிய ஆள் ஆகிவிட்டார், தொகுதியில் காலடி குறைந்துவிட்டது, குடிநுழைவு விஷயத்தில் சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் கோபம். இதெல்லாம் சேர்ந்தது.

2018 ஜூன் 26இல் நியூயார்க் 14இல் பதவியில் இருந்த ஜோ க்ரௌலியும் அப்படித்தான் தோற்றார். 2004க்குப் பிறகு அவருக்குப் பிரைமரியில் எதிராளியே இல்லை. தொகுதியில் குடியேறிகள் பெருகி முகமே மாறியிருந்தது. இருபத்தெட்டு வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தெருத் தெருவாக நடந்து அவரைச் சாய்த்தார். மொத்தம் விழுந்த ஓட்டு 30,000க்கும் குறைவு. ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதி அது. நம் சுங்கை சிப்புட்டில் அதே வருஷம் ஓட்டுப் போட்டவர்கள் அதைவிட அதிகம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். அந்த வருஷம் கட்சி மாறிப் பதிய வேண்டியவர்கள் முந்தின அக்டோபருக்குள்ளேயே மாறியிருக்க வேண்டும். கதவு அவ்வளவு ஒடுக்கம். உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர் என்பதால், ஒரு சின்ன அணி விடாமல் உழைத்தால் பெரிய ஆளைச் சாய்க்க முடிகிறது.

இதில் எனக்கு இரண்டு மனம். போட்டிக்கு நல்லதுதான். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்கள் தகுதி உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மற்ற நாலு பேர் சார்பில் அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இன்னொரு நியூயார்க் சம்பவமும் சொல்ல வேண்டும், போமன் முதலில் எப்படி வந்தார் என்பது. 2020இல் முப்பது வருஷத்துக்கு மேல் உறுப்பினராக இருந்த எலியட் எங்கெலைத் தோற்கடித்து வந்தார். அந்தப் பிரசார நேரத்தில் பிராங்க்ஸில் ஒரு பொது நிகழ்ச்சியில் தனக்குப் பேச வாய்ப்புக் கேட்ட எங்கெல், பிரைமரி இல்லையென்றால் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன் என்கிற மாதிரி சொன்னது மைக்கில் பதிவாகிவிட்டது. ஊரே கேட்டது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முப்பது வருஷ உறுப்பினரைத் தொகுதிக்கு ஓடி வரவைத்து, பேசுவதற்கு இடம் கேட்க வைத்தது ஒரு பிரைமரி. நம் பிரதிநிதிகளுக்கும் அந்தப் பயம் வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

சான் ஹோசே மருமகள் எழுதியது:

டீச்சர், நானும் சுங்கை சிப்புட் பிள்ளைதான், மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள். இப்போது கலிபோர்னியா. எங்கள் ஊர் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கட்சிக்குத் தனித் தனிப் பிரைமரி கிடையாது. 2010இல் மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றி, 2012லிருந்து எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில். யார் வேண்டுமானாலும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு இடம் வாங்கியவர்கள் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி.

2024 மார்ச் பிரைமரியில் எங்கள் 16ஆவது தொகுதியில் அன்னா எஷூ மறுபடி நிற்கவில்லை. 1993லிருந்து இருந்தவர். டீச்சர் சொன்ன மாதிரியே, அத்தனை வருஷமாகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக இறங்கிவிட்டார்கள். சான் ஹோசே முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாம் இடத்தில் கவுண்டி மேற்பார்வையாளர் ஜோ சிமிடியனும், மாநில சட்டமன்ற உறுப்பினர் எவன் லோவும். இருவருக்கும் ஆளுக்கு 30,249 ஓட்டு. ஆமாம், ஒரே எண்! எண்ணி முடிக்கும்வரை தினம் சாயங்காலம் நாலு ஓட்டு, ஐந்து ஓட்டு என்று மாறிக்கொண்டே இருந்தது. சமன் என்றால் மூன்று பேரும் நவம்பருக்குப் போகலாம் என்பது சட்டம். அதற்குள் மறு எண்ணிக்கை கேட்டார்கள். கேட்டது அந்த இருவரும் இல்லை, வேறொரு வாக்காளர். இங்கே எந்த வாக்காளரும் செலவை ஏற்றுக்கொண்டு கேட்கலாம். கடைசியில் லோ 5 ஓட்டு முந்தி, சிமிடியன் வெளியே போனார். நவம்பரில் லிக்கார்டோ ஜெயித்தார்.

என் வீட்டுக்காரர் அந்த முறை, "கூட்டமாக நிற்கிறார்கள், யார் வந்தால் என்ன" என்று தபால் ஓட்டுக் கவரை மேசையிலேயே வைத்துவிட்டார். முடிவு வந்த பிறகு அவர் மேசைப் பக்கம் போகவே இல்லை.

வாஷிங்டன் மாநிலத்திலும் இதே முறைதான். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016இல் சியாட்டிலில் அப்படித்தான் வந்தார். ஜிம் மெக்டெர்மாட் ஏறத்தாழ இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றார், பிரைமரியில் ஒன்பது பேர். ஜெயபால் முதலிடம். நவம்பரில் அவரை எதிர்த்தவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். ஒரு கட்சிக் கோட்டையில் போட்டியை நவம்பர்வரை உயிரோடு வைத்திருக்க இந்த முறை உதவுகிறது என்று நான் நினைக்கிறேன். மார்ச்சில் வராத ஜனங்கள் நவம்பரில் வருகிறார்கள் இல்லையா?

கீழ்ப்பிரிவுக்காரன் எழுதியது:

டீச்சர், கிராணி ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. இதையெல்லாம் சின்னம்மா மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு கேள்வி கேட்கிறாள். தன் தொகுதியில் இந்த முறை நிஜப் போட்டியா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், ஓட்டுச் சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாயால் கேட்க வேண்டியிருக்கிறதாம். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்குமே என்று தயங்குகிறாள். அவள் வேலை செய்கிற இடத்தில் முதலாளி வேறு கட்சி.

சாலாக் டீச்சர் எழுதியது:

முதல் கேள்விக்கு: வேட்புமனு முடியும் தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இருக்கும் உறுப்பினர் மனு போட்டாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போடவில்லை என்றால், கையில் உள்ள பதவியை விட்டுவிட்டு இதில் இறங்கியவர் யாராவது உண்டா என்று பார்க்க வேண்டும். மாநில சட்டமன்ற இடத்தையோ மேயர் பதவியையோ பணயம் வைத்து ஒருவர் வருகிறார் என்றால், ஜெயிக்க வழி இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு எந்தக் கருத்துக்கணிப்பையும்விட அதில்தான் நம்பிக்கை.

அடுத்து பணக் கணக்கு. கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கியது, செலவழித்தது, கையில் மிச்சம் இருப்பது எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். பிரைமரிக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு அறிக்கையும் உண்டு. கிராணியாருக்கு இது மிகவும் பிடிக்கும். முதலிடத்தவரைவிட இரண்டாமவரின் கையிருப்பைப் பாருங்கள். தபால் அனுப்பவும் விளம்பரம் போடவும் அவரிடம் போதுமான காசு இருந்தால் போட்டி உண்டு. முதல் ஆளிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். பணம் நேராக வேட்பாளருக்கு வராமல் வெளி அமைப்புகள் செலவழிப்பதும் அதே பக்கத்தில் தனியாக இருக்கும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேர்தல் நாளைவிட எல்லைக் கோட்டுக்குத்தான் சில வருஷங்களில் அதிக வலிமை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை வரைபடம் மாறும்போது தன் தெரு எந்தத் தொகுதியில் விழுகிறது என்று அவள் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது, அவள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நான் மேலே சொன்ன தண்டலின் தயக்கமும் இதே ரகம்தான். இல்லினாயில் கட்சிப் பதிவு கிடையாது. பிரைமரி அன்று எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று சொல்ல வேண்டும், எந்தக் கட்சிச் சீட்டை எடுத்தார் என்பது பதிவாகும், அந்தப் பதிவை மற்றவர்களும் கேட்டுப் பெற முடியும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது மட்டும் முழு ரகசியம். வாயால் சொல்லப் பிடிக்காவிட்டால் தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கலாம், இல்லினாயில் அதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. விண்ணப்பத்தில் கட்சியைக் குறித்தால் போதும், அருகில் யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் எந்தச் சீட்டு என்பது அப்போதும் பதிவாகும். மார்ச்சில் ஒரு கட்சியின் சீட்டை எடுத்ததால் நவம்பரில் அதே கட்சிக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சான் ஹோசே மருமகள் எழுதியது:

தபால் ஓட்டு என்றால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள் தம்பி. கவரின் மேல் போடும் கையெழுத்து, அவர்களிடம் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்கள் பழைய கையெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள், அப்போது ஓட்டு நிறுத்திவைக்கப்படும். சரிசெய்யக் கடிதம் வரும், அவகாசமும் உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். எங்கள் தொகுதியில் வித்தியாசம் 5.